எட்டு மணிக்கு மேல்

1

நேற்று மதியம் என் மகள் ரிஸ்வானா என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, வலது தோள்பட்டையில் சட்டைக்கு மேலே சூட்டுப் பிளாஸ்திரி ஒன்றை ஒட்டிவிட்டாள். ஒட்டியதும் நாலு மூலையையும் உள்ளங்கையால் அழுத்தி, "அசையாதீங்க உம்மா" என்றாள். உடம்பு அசையாமல்தான் இருந்தது. மனசு மட்டும் எழுந்து மேலப்பாளையத்துக்குப் போய், என் லாத்தாவின் வீட்டில் அவள் பீடி சுற்ற உட்காரும் ஜன்னலோரத்தில் நின்றுகொண்டது.

ஊரில் இருப்பவர்களுக்கு இது என்ன சாமான் என்று சொல்லிவிடுகிறேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைத் துணிப்பை. உள்ளே இரும்புத்தூளும் உப்பும் கரியும் இருக்கிறதாம். மேலுறையைக் கிழித்துக் காற்றுப் பட்டால் தானாகவே சூடு ஏறும். தீயும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். பின்பக்கம் பசை இருக்கும், வலிக்கிற இடத்தில் ஒட்டிக்கொள்ளலாம். ஹாங்காங்கில் குளிர் தொடங்கிவிட்டால் மருந்துக் கடைகளில் சேமியா பாக்கெட் மாதிரி இதை அடுக்கிவிடுவார்கள். எங்கள் கட்டடத்துக்குக் கீழே மீன் விற்கிற பெண்கள் இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று ஒட்டிக்கொண்டு நாள் முழுக்க நிற்பார்கள். அவர்களைப் பார்த்துத்தான் நானும் கற்றுக்கொண்டேன்.

இந்த மாதத்தோடு நான் இங்கே வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. என் மச்சான், அதாவது ரிஸ்வானாவின் வாப்பா, கௌலூனில் ஒரு கைக்கடிகாரக் கடையில் விற்பனையாளர். ஊருக்கெல்லாம் நேரம் விற்கிற வீடு எங்களுடையது. அந்த வீட்டிலிருந்துதான் மூன்று வருஷத்துக்கு முன்னால் நேரத்தைப் பற்றி ஒரு தப்பு ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. இதுவரை அதை யாருக்கும் எழுதவில்லை. எழுதினால் திரும்ப நடந்துவிடுமோ என்று ஒரு பயம்.

நான் பயப்படுகிறவள். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

2

லாத்தா என் அக்கா, என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். பேர் செய்யதம்மாள். இரண்டாம் வகுப்போடு நிறுத்திப் பீடிச் சுளகை மடியில் வைத்தார்கள். நான் ஐந்தாம் வகுப்பு வரை போனேன். பிறகு நானும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் இலை வெட்டுவாள், நான் தூள் வைத்துச் சுற்றுவேன்.

நாள் முழுக்கத் தலை குனிந்து இருந்தால் கழுத்தும் தோளும் என்ன பாடு படும் என்று சுற்றியவர்களுக்குத் தெரியும். சாயங்காலமானால் லாத்தாவுக்கு வலது தோள் கல்லாகிவிடும். கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து நான் ஒத்தடம் கொடுப்பேன். முதலில் என் கையில் வைத்துப் பார்ப்பேன். பிறகு என் கன்னத்தில். பிறகுதான் அவள் தோளில். "ஏளா, நீ சூடு பாத்து முடிக்குததுக்குள்ள உப்பு ஆறிப்போவும்" என்பாள்.

எனக்குக் கல்யாணமாகி நான் கடல் தாண்டினேன். லாத்தாவின் மாப்பிள்ளை மௌத்தாகி அவள் விதவையானாள். ஒரே மகளைக் கடையநல்லூரில் கட்டிக்கொடுத்தாள். தனி ஆளாக அதே வீட்டில், அதே ஜன்னலோரத்தில் அவள் சுற்றிக்கொண்டே இருந்தாள். நாற்பதைத் தாண்டியதும் சீனி வியாதி வேறு வந்தது.

நாங்கள் கேசட்டில் பேசிக்கொள்வோம். அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், எழுத வராது. அதனால் டேப்பைப் பக்கத்தில் வைத்து, வேலை செய்துகொண்டே பேசி, ஊரிலிருந்து வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவாள். அவள் பேச்சுக்கு அடியில் கத்தரிக்கோல் சத்தம் விடாமல் கேட்கும். கிரிச், கிரிச், கிரிச். பேச்சு நின்றாலும் அது நிற்காது. ஒரு கேசட்டில் அவள் சொன்னாள்: "தோளு இப்பம் ரொம்பப் படுத்துது. ஒத்தடம்னா ஒரு ஆளு வேணும்லா. நமக்கு நாமளே முதுகுல எப்படி வைக்க?"

அதைக் கேட்ட பிறகு நான் சும்மா இருக்க முடியுமா? கீழே மீன்காரப் பெண்கள் முதுகைப் பார்த்தேன். ஆள் வேண்டாத ஒத்தடம் கடையில் அடுக்கி வைத்திருந்தது. ஆறு வாங்கினேன்.

3

வாங்கியதும் பயம் தொடங்கியது. உறை முழுக்கச் சீன எழுத்து. ஓரத்தில் பொடியாகக் கொஞ்சம் இங்கிலீஷ். ரிஸ்வானாவுக்கு அப்போது பத்து வயது. நாலு வயதில் இங்கே வந்தவள். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், விளையாட்டில் சீனம், தமிழ் என்றால் என்னோடு மட்டும். அதுவும் சோறு வேண்டும், தூக்கம் வருது, அவ்வளவுதான். டெலிவிஷனில் பொம்மைப்படம் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே உறையை வாங்கி எனக்குப் படித்துச் சொன்னாள்.

சட்டைக்கு மேலேதான் ஒட்டணும். வாயில் வைக்கக் கூடாது. எட்டு மணிக்கு மேல வைக்கக் கூடாது.

"வேற?" என்று கேட்டேன்.

"வேறெல்லாம் பெரிய வார்த்தை, உம்மா. எனக்குத் தமிழ்ல தெரியாது."

நான் அதோடு விட்டுவிட்டேன். எதையும் பத்துத் தடவை கேட்கிறவள், அன்றைக்கு விட்டுவிட்டேன்.

இதைக் கேசட்டில் சொல்லாமல் காகிதத்தில் எழுதினேன். பேச்சு காற்றோடு போய்விடும், காகிதம் பிளாஸ்திரியோடு கூடவே கிடக்கும், மறந்தாலும் எடுத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். லாத்தா எழுத்துக்கூட்டுவதற்குத் தோதாகப் பெரிய பெரிய எழுத்தாக எழுதினேன். ரிஸ்வானா சொன்ன மூன்றையும் அவள் சொன்ன மாதிரியே எழுதினேன். ஒட்டினால் எட்டு மணி நேரத்தில் ஆறிவிடும் என்று எனக்குத் தெரியும், நானே ஒட்டிப் பார்த்திருக்கிறேன். அதனால் அவள் சொன்னது என் காதில் சரியாகத்தான் விழுந்தது. கை மட்டும் அவள் சொன்னதை அப்படியே எழுதியது.

மறுநாள் தபாலாபீசில் ஒரு பச்சைத் தாளை நீட்டி, பார்சலுக்குள் என்ன என்று கேட்டார் அங்கிருந்தவர். ரிஸ்வானா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். "ஈட்டு" என்றேன். சூடு என்பதற்கு இங்கிலீஷ் அதுதானே. அவர் விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினார். வாயில் வைக்கக்கூடாத சாமான் என்று எனக்குத் தெரியும். ஆகையால் நம் ஊர் வழக்கப்படி தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன். அவர் அதை எந்தப் பக்கம் எடுத்துக்கொண்டாரோ, ஒரு வார்த்தையை எழுதி முத்திரை குத்திவிட்டார்.

சாயங்காலம் ரிஸ்வானா அந்தத் தாளின் நகலைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். சாப்பாட்டுச் சாமான் என்று போட்டிருந்ததாம். நான் "ஹீட்" என்று சொல்லவேண்டியதை "ஈட்டு" என்று சொன்னதால், அது தின்பது என்று அவர் காதில் விழுந்திருக்கிறது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கஸ்டம்ஸில் பிரித்து வீசிவிடுவார்களோ? பெயரைக் குறித்துக்கொள்வார்களோ? தபால்காரர் உறையைப் பார்த்து, ஹாங்காங் பலகாரம் வந்திருக்கு என்று லாத்தாவிடம் சொல்லி, அவளும் ஒரு வாய் போட்டுவிட்டால்? அந்த வாரமே இன்னொரு கடிதம் போட்டேன். அதுவும் போதாதென்று, லாத்தாவின் தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருக்கிற கோமதிநாயகம் அண்ணாச்சிக்கு ஃபோன் பண்ணினேன். தெருவுக்கே அவர் ஃபோன்தான். "அது தின்னுத சாமான் இல்லைன்னு லாத்தாட்டச் சொல்லிருங்க அண்ணாச்சி" என்றேன். "சரிம்மா, திங்க வேண்டாம்னு சொல்லிருதேன்" என்றார். என்ன சாமான் என்று அவர் கேட்கவே இல்லை.

அடுத்த ஒன்றரை மாதமும் நான் பயந்ததெல்லாம் வாயைப் பற்றித்தான்.

4

ஒன்றரை மாதம் கழித்து ஊர்க்காரர் ஒருவர் வந்தபோது லாத்தாவின் கேசட்டைக் கொடுத்தார். சோறு வடித்து வைத்துவிட்டு அடுப்படியிலேயே போட்டுக் கேட்டேன்.

சலாம் சொன்னாள். பிள்ளை படிக்கிறாளா, மாப்பிள்ளைக்கு வேலை எப்படி என்று விசாரித்தாள். பார்சல் வந்தது, நல்ல சூடு, அல்லாஹ் உனக்குப் பரக்கத் செய்வான் என்றாள். அப்புறம் என்னைக் கேலி செய்தாள்: "எனக்குக் கண்ணு தெரியும்ளா. நாப்பத்தஞ்சு வயசுல இரும்புத்தூளத் திங்க மாட்டேன். அண்ணாச்சி கடையில நிக்க அத்தனை பேரு முன்னாலயும், அம்மா அதத் திங்காதீங்கங்காரு. தெரு பூராச் சிரிக்குது."

நானும் சிரித்தேன். ஒன்றரை மாதப் பயம் தீர்ந்தது என்று டேப்பை நிறுத்தினேன். நிறுத்திய பிறகுதான் அடுப்படி ரொம்ப அமைதியாக இருப்பது தெரிந்தது. திரும்பவும் முதலிலிருந்து போட்டேன். காதை டேப்போடு வைத்துக் கேட்டேன். காக்கை கத்துவது கேட்டது. தெருவில் ஒரு ஆட்டோ போவது கேட்டது.

கத்தரிக்கோல் சத்தம் இல்லை.

மச்சான் வந்ததும் சொன்னேன். "ஒருநாள் வேலை இல்லாம இருந்திருக்கும், அதுக்கென்ன" என்றார். லாத்தாவை அவருக்குத் தெரியாது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் பாயில் உட்கார்ந்து சுளகை எடுத்துக்கொள்கிறவள் அவள். வாரம் தவறாமல் கடையில் பீடி கொடுத்தால்தான் அவள் பேரில் பாஸ்புத்தகம் நிற்கும். நாள் கணக்கில் கொடுக்காமல் இருந்தால் பெயரை அடித்து வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவார்கள். தனியாக இருக்கிற பெண்ணுக்கு அந்தப் புத்தகம்தான் சோறு.

வெள்ளிக்கிழமை அண்ணாச்சி கடைக்கு ஃபோன் பண்ணி, அஸர் தொழுகைக்குப் பிறகு லாத்தாவைக் கூட்டி வைக்கச் சொன்னேன்.

5

"என்னளா, யாருக்கு என்ன?" என்றுதான் லாத்தா ஃபோனை எடுத்தாள்.

"ஒனக்கு என்ன? ஏன் கத்தரிச் சத்தம் இல்ல?"

"கத்தரியா? அதக் கூடவா கேப்பே" என்று முனகினாள். பிறகு சொன்னாள்.

தோளில் புண். வலது தோள்பட்டையில், பிளாஸ்திரி அளவுக்கே சதுரமாக. சீனி உடம்பில் அது ஆறமாட்டேன் என்கிறது. கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் ஒருநாள் விட்டு ஒருநாள் மருந்து வைத்துக் கட்டுகிறாள். கையைத் தூக்க முடியவில்லை, இலை வெட்ட முடியவில்லை.

"எம்புட்டு நேரம் வச்சே?"

"நீ எழுதுன மாதிரிதான்ளா செஞ்சேன். எட்டு மணிக்கு மேல வைக்கக் கூடாதுன்னு எழுதியிருந்தேல்லா? அதான் எட்டுக்கு முன்னாடியே, இஷா தொழுத கையோட ஒட்டிட்டுப் படுத்துட்டேன். விடியச் சுபுஹுக்கு எந்திரிச்சு சட்டையக் கழத்துனா தோலும் கூட வந்துட்டு."

நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"சுடலையா லாத்தா?"

"சுட்டா எடுத்திருக்க மாட்டேனா? நல்லா சொகமா இருந்துச்சு. நீ பக்கத்துல இருந்து ஒத்தடம் வைக்க மாதிரி. அப்படியே உறங்கிட்டேன்."

அப்போதுதான் இன்னொரு நினைப்பு குத்தியது. ஆறு அனுப்பினேனே. மிச்சம் ஐந்து எங்கே என்று கேட்டேன்.

"அடுத்த வீட்டு மைதீன் பீவி இடுப்பு நாரியில வலின்னு கெடந்தா. நேத்து அவட்டக் கொடுத்தேன். அவளுக்கென்ன, சீனியா கீனியா? என் தோலுதான் பொல்லாத தோலு." பிறகு, நல்ல காரியம் செய்த குரலில் சொன்னாள்: "ஒன் காயிதத்தையும் சேத்துத்தான் கொடுத்திருக்கேன். இன்னைக்கு எட்டுக்கு முன்னால ஒட்டப் போறேன்னு சொன்னா."

பத்து விதமாகப் பயந்திருந்தேன். இந்தப் பதினொன்றாவது என் புத்திக்கு வரவே இல்லை. என் கையெழுத்து வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது.

"லாத்தா, நான் தப்பா எழுதிட்டேன். எட்டு மணி இல்ல. எட்டு மணி நேரம்."

அவளுக்குப் பிடிபடவில்லை. "ரெண்டும் ஒண்ணுதானளா" என்றாள்.

சட்டென்று எனக்கு மணியை விட்டுவிடலாம் என்று தோன்றியது. லாத்தா வீட்டில் கடிகாரம் உண்டு, நான் அனுப்பியதுதான். ஆனால் அவள் நாள் அதில் ஓடுவதில்லை, பள்ளிவாசல் பாங்கில்தான் ஓடும்: மதியம் லுஹர், பொழுது சாய மஃரிப். "லாத்தா, நான் சொல்லுதத அப்படியே பீவிட்டச் சொல்லு. லுஹர் தொழுதுட்டு ஒட்டணும். மஃரிப் பாங்கு கேட்டதும் எடுத்துறணும். பாங்கு முடியுத வரை கூட வைக்கக் கூடாது. ஒட்டிட்டுப் படுக்கவே கூடாது. சீனி உள்ள ஆளு தொடவே கூடாது."

"லுஹருக்கு ஒட்டி மஃரிபுக்கு எடுக்கணும்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு குரல் மாறியது. "அப்பம் நான் வச்சது?"

"அதான் லாத்தா. நான்தான்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். "நேரம்ங்குத வார்த்தைய விட்டுட்டியாக்கும்" என்றாள். "ஒலகத்துல உள்ளதுக்கெல்லாம் பயப்படுவே. இது ஒண்ணுக்குப் பயப்படாமப் போயிட்டியேளா."

அதற்கப்புறம் டொக்கென்று ஒரு சத்தம். லாத்தா, லாத்தா என்று கூப்பிட்டேன். கடைச் சத்தம்தான் கேட்டது, யாரோ கடலைப் பருப்பு கேட்டார்கள். கடைசியில் அண்ணாச்சி எடுத்தார். "என்னம்மா சொன்னே? ஒங்க அக்கா ஃபோனக் கீழ போட்டுட்டு ஓடுதா. செருப்பு இங்கன கெடக்கு."

6

நான் ஃபோனை வைத்தபோது ரிஸ்வானா கதவோரத்தில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. அவளிடம் இதைச் சொல்லக்கூடாது என்று பேசிக்கொண்டிருக்கும்போதே முடிவு செய்திருந்தேன். பத்து வயதுப் பிள்ளை தலையில் பெரியம்மாவின் புண்ணைத் தூக்கி வைப்பதா? ஆனால் அவள் கேட்டது வேறு. "மணிக்கும் மணி நேரத்துக்கும் என்ன வித்தியாசம், உம்மா?"

சொன்னேன். அவள் போய்க் மீன்காரப் பெண்கள் வீசிய காலியான உறை ஒன்றைக் கீழே குப்பையிலிருந்து எடுத்துவந்தாள். இந்தத் தடவை டெலிவிஷனை அணைத்துவிட்டு, ஒவ்வொரு வரியாகப் படித்தாள். தமிழ் தெரியாத வார்த்தைக்குக் கையால் செய்து காட்டினாள். கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் காட்டினாள், தூங்கக்கூடாது. சீனி டப்பாவை எடுத்துக் காட்டி, டாக்டர் என்றாள். எல்லாம் அந்த உறையிலேயே இருந்திருக்கிறது. படித்து முடித்ததும் டப்பாவை இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. நானும்தான்.

மறுநாள் அண்ணாச்சி கடைக்குப் பண்ணினேன். பீவி ஒட்டவில்லை. லாத்தா போய்ச் சேர்ந்தபோது உறையைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு, சட்டையிலா சேலையிலா ஒட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தாளாம்.

லாத்தாவின் புண் ஆற மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் அவள் பேரில் கொடுக்கவேண்டிய பீடியை மைதீன் பீவியும் அவள் மகளும் சேர்ந்து சுற்றிக் கடையில் கொடுத்தார்கள். பாஸ்புத்தகம் நின்றது. நான் வாரம் ஒரு கடிதம் எழுதினேன். ஒவ்வொன்றையும் ரிஸ்வானா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வேறு அர்த்தம் வருமா என்று கேட்டுக் கேட்டுப் படித்த பிறகே ஒட்டினேன். அப்படித்தான் அவள் தமிழ் எழுத்தைப் படித்தாள். நான் சொல்லிக்கொடுத்ததாகச் சொல்ல முடியாது.

ரம்ஜான் மாதத்தில் ஒரு கேசட் வந்தது. போட்டேன். சலாமுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. கிரிச். கொஞ்சம் இடைவெளி. கிரிச். பழைய வேகம் இல்லை, பையத்தான் வெட்டினாள். "கேக்குதாளா?" என்றாள் லாத்தா. "ஒனக்காவத்தான் டேப்பு கிட்ட வச்சு வெட்டுதேன்." தோளில் சதுரமாகத் தழும்பு இருக்கிறதாம். ஹாங்காங் தபாலாபீஸ் முத்திரை என்று எல்லோரிடமும் காட்டுகிறாளாம்.

அதற்குப் பிறகு நான் ஊருக்குப் பிளாஸ்திரி அனுப்பவில்லை. லாத்தாவுக்கு இப்போது மைதீன் பீவி உப்பு ஒத்தடம் கொடுக்கிறாள், கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு. எனக்குத்தான் இந்த வருஷம் தோள் வலி வந்திருக்கிறது. ரிஸ்வானா ஒட்டலாம் என்றபோது வேண்டாம் என்றேன். எனக்குச் சீனி இருக்கிறதா என்று இரத்தம் பார்த்து, இல்லை என்று எழுதி வாங்கி வந்த பிறகுதான் சம்மதித்தேன்.

நேற்று லுஹருக்குப் பிறகு ஒட்டினாள். இந்த ஊரில் பாங்கு காதில் விழாது. சுவரில் தொழுகை நேர அட்டவணை ஒன்றை மாட்டியிருக்கிறோம். சாயங்காலம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சூடு இதமாக இருந்தது, கண் லேசாகச் சொக்கியது. பாடப்புத்தகத்தை அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டு ரிஸ்வானா எழுந்து வந்தாள்.

"மஃரிப் ஆயிட்டு உம்மா. எடுக்கணும்."

"இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமே" என்றேன். அவள் கேட்கவில்லை. ஓரத்தைப் பிடித்துப் பைய உரித்தாள். சட்டையை விலக்கித் தோலைப் பார்த்தாள்.

"செவந்திருக்கா?"

"இல்ல. சும்மா சூடா இருக்கு" என்று சொல்லி, அந்த இடத்தில் தன் உள்ளங்கையை வைத்தாள். கை அங்கேயே இருந்தது. எவ்வளவு நேரம் என்று நான் கேட்கவில்லை.